வலை தேடிப் போட்ட துளைகள்

இல்லை, எட்லா வலை போடவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார்கள். உறைந்த ஏரியில் பனிக்கு அடியில் வலை விரித்துத்தான் அவ்வளவு டிரவுட் மீன் பிடித்தாளாம், மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்ததும் ஸ்டாக்ஹோம்காரன் ஒருவனோடு பேருந்து ஏறிவிட்டாளாம். எந்த ஸ்டாக்ஹோம்காரன்? அவனை யார் பார்த்தது? மார்ச் மாதக் குளிரில் வாட்னெட் ஏரிக்கு வந்து பெண்டாட்டி தேட அங்கே எவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? நடந்தது என்னவென்று அவள் புருஷன் ஃபோல்கேவுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கமாட்டான். அவன் திறக்காவிட்டால் போகட்டும், சொல்ல வேறு வாய் இல்லாமலா போயிற்று?

எட்லா மரம் வெட்டும் முகாமுக்குச் சமையல்காரியாக வந்தவள். அங்கே பன்றிக் கொழுப்பும் உருளைக்கிழங்குமாகத் தின்று நாக்குச் செத்துப் போயிருந்த ஃபோல்கே, அவள் வெண்ணெயில் வறுத்த டிரவுட்டைத் தின்றான். எலும்பைச் சூப்பி முடித்த கையோடு கல்யாணப் பேச்சை எடுத்தான். அந்த மீன் எப்படிக் கிடைத்தது என்று அன்றைக்குக் கேட்கவில்லை. பிற்பாடுதான் அந்தக் கேள்வி அவனை அரிக்க ஆரம்பித்தது.

குளிர்காலம் முற்றிவிட்டால் வாட்னெட் டிரவுட் இரையைத் தொடாது. வரும், பார்க்கும், போய்விடும். ஊர் ஆண்கள் ஏரி நடுவே, ஆழத்தில், பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, உறைந்த கட்டியில் துளை போடுவார்கள். குளிருக்குக் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வெறும் பையோடு திரும்பி, மீனே இல்லை என்று ஏரியைத் திட்டுவார்கள்.

எட்லா ஓடை வந்து கலக்கிற முனைக்குப் போவாள். அங்கே தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. துளையைப் போட்டு, வெளிச்சம் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் பனியை அணைத்து மூடிவிட்டு, கரைக்குப் போய் ஒரு காபி போட்டுக் குடிப்பாள். அதற்குள் துளை போட்ட சத்தம் அடங்கியிருக்கும். பிறகு பூனை மாதிரி நடந்து வந்து, பனிமான் தோலை விரித்துக் குப்புறப் படுத்து, தலைக்கு மேல் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு துளைக்குள்ளே பார்ப்பாள். இருட்டுக்குள்ளிருந்து பார்த்தால் அடித்தரையின் கூழாங்கல் வரைக்கும் தெரியும். புழு கோத்த தூண்டில் முள்ளைத் தரையில் விட்டு லேசாகச் சேறு கிளப்புவாள். டிரவுட் வந்து மூக்கை நீட்டும். அந்த நேரத்தில்தான் எல்லாரும் தூண்டிலை ஆட்டிக் கெடுப்பார்கள். அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடப்பாள். அது திரும்பிப் போக நினைக்கும்போது, பயந்த பூச்சி நழுவுகிற மாதிரி முள்ளை மெல்ல மேலே எடுப்பாள். விட மனசில்லாமல் கவ்விவிடும்.

வித்தை இவ்வளவுதான். ஆனால் ஊர் பார்த்தது என்ன? ஒரு பொம்பளை ஏரியில் குப்புறக் கிடக்கிறாள், கோட்டுக்குள்ளே முணுமுணுக்கிறாள், பை நிறைய மீனோடு வருகிறாள்.

"யாருகூட அங்க பேசிக்கிட்டுக் கெடக்க?" என்று ஃபோல்கே ஒருநாள் கேட்டான்.

"மீனுகூட. நீயா பேசுற? வீட்டுல நீ வாயத் தொறந்தா நான் ஏன் அங்க போறேன்?"

"நானும் ஒருநாள் வர்றேன்."

"வேணாம். உன் பூட்ஸ் சத்தத்துக்கு ஏரியில ஒரு மீன் தங்காது."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹென்னிங் ஏரிச் சங்கத்துத் தலைவன். குளிர்காலத்தில் பனிக்கடியில் வலை விரித்தால், அந்த வீட்டுக்கே ஏரியில் மீன் பிடிக்கிற உரிமை போய்விடும். ஃபோல்கேவின் அப்பா இருந்த காலத்தில் போட்ட சட்டம் அது, அவரே முன்னால் நின்று போட்டது.

ஒருநாள், அந்த ஊர் வழக்கப்படி காபிக் கோப்பைக்குள் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு ஊறவைத்தபடி ஹென்னிங் சொன்னான்: "ஏம்பா ஃபோல்கே, நாங்க இத்தன ஆம்பளைங்க வெறுங்கையோட வர்றோம். உன் வீட்டுக்காரிக்கு மட்டும் மீனு வரிசையில நிக்குதா?"

"அவளுக்குக் கை ராசி."

"ராசியா? செவுளப் பாத்தியா என்னைக்காவது? வலையில மாட்டுனதுன்னா அங்க கோடு விழுந்திருக்கும். நான் எதுவும் சொல்லலப்பா. கண்ணத் தொறந்து பாருன்னுதான் சொல்றேன்."

எதுவும் சொல்லவில்லையாம்! சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கட்டியைக் கரண்டியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அன்று முதல் ஃபோல்கே மீனைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான். எட்லா அந்தப் பக்கம் போனதும் கட்டைவிரலால் செவுளைத் தூக்குவான், உதட்டில் முள் குத்திய ஓட்டையைத் தேடுவான். ஒரு மீனின் துடுப்புக்குப் பின்னால் கோடு மாதிரி ஒரு தழும்பு இருந்தது. நீர்நாயோ பெரிய மீனோ கடித்த பழைய காயம். அவன் கண்ணுக்கு அது வலையின் நூலாகவே தெரிந்தது. அவள் கதவோரத்தில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "உப்பு எடு," என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே அவன் வாயால் கேட்டிருந்தால் கதை வேறு.

ஊர்ப் பெண்கள் கூடி வருஷம் முழுக்கக் கெடாமலிருக்கிற மெல்லிய ரொட்டி சுடுகிற நாள் வந்தது. எட்லா விடியும்போதே ரொட்டிக் கொட்டகைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். ஃபோல்கே பனிக்கட்டியைக் குடைகிற துளைப்பானையும் நுனி வளைந்த கம்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓடைமுனைக்குப் போனான்.

அவள் துளைக்குப் பக்கத்தில் ஊசியிலைக் கிளை ஒன்று அடையாளத்துக்கு நட்டிருந்தது. கிளை நிற்கிற இடம் இன்னொருத்தர் இடம். அங்கே கை வைப்பது, அடுத்தவர் வீட்டுப் பானையைத் திறப்பது மாதிரி. இந்த ஊரில் குடிகாரன்கூட அதைச் செய்யமாட்டான். ஃபோல்கே செய்தான். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை என்று துளை போட்டு, ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுத் துழாவினான். வலை இருந்தால் கொக்கியில் மாட்டும். மாட்டவில்லை. கடைசித் துளையில் ஒரு டிரவுட் வந்து கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. துளைகளை மூடக்கூடத் தோன்றாமல் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

மறுநாள் எட்லா போனபோது அவள் இடம் சல்லடையாகக் கிடந்தது. எல்லாத் துளையிலும் மெல்லிய பனி ஏடு படிந்திருந்தது. ஒன்றை உடைத்து, கையுறையைக் கழற்றி, உள்சுவரை விரலால் தடவினாள். சுற்றிச் சுற்றி ஒரு மேடு ஓடியது. அலகில் பல் உடைந்த துளைப்பான் அப்படித்தான் மேடு விடும். போன வருஷம் கரைப் பாறையில் இடித்து அலகை உடைத்தவன் யார் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மத்தியானம் திரும்பி வந்தாள். ஃபோல்கே மேசையில் இருந்தான்.

"என் எடத்துல யாரோ தொள போட்டிருக்காங்க."

"அப்படியா? ஹென்னிங்கா இருக்கும். அவனுக்குத்தான் உன்மேல சந்தேகம்."

அவள் கோட்டைக் கழற்றாமலே நின்றாள். "ஹென்னிங்கோட துளைப்பான் புதுசு, ஃபோல்கே. உன்னோடதத் தீட்டச் சொல்லி எத்தன தடவ சொன்னேன்?"

அவன் கோப்பையைப் பார்த்தான்.

"வலை கெடச்சுதா?"

"நீதான என்ன வரக்கூடாதுன்ன..." என்றான் அவன்.

"மீனுக்காகச் சொன்னேன். உனக்குச் சந்தேகம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தோல்ல பாதி எடம் குடுத்துப் படுக்க வச்சுக் காட்டியிருப்பேன். நீ தேடுனதக்கூட விட்டுடுவேன். செஞ்சத இன்னொருத்தன் தலையில கட்டுன பாரு, அதத்தான் விட முடியாது."

பையிலிருந்து ஒரு டிரவுட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஓடைமுனை கெட்டுப் போனதால் வேறு எங்கோ போய்ப் பிடித்தது. நூலை அறுத்திருந்தாள். முள்ளை உதட்டிலேயே விட்டிருந்தாள்.

"செவுளத் தூக்கிப் பாக்க வேணாம்," என்றாள்.

பிறகு துணிகளைப் பனிமான் தோலுக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். தூண்டிலை எடுத்துக்கொண்டாள். கதவை அறையவில்லை. மெதுவாகத் திறந்து, மெதுவாகச் சாத்தினாள். மீனுக்குத் தெரியாமல் நடந்து பழகிய கால். ஃபோல்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேருந்து நிற்கிற பக்கமா, ஏரிப் பக்கமா, எந்தப் பக்கம் போகிறாள் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.