சீர்த்தட்டு உட்கார்ந்த சீட்டு

கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் அந்தக் காலத்தில் ஒரு தடவையாவது புழுதி தின்றவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி அண்ணனின் காரைத் தெரியாமல் இருக்காது. இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக்கூரை, நீண்ட மூக்கு, சிவப்பு நிறம். வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் சீமைக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. பந்தயத்துக்கென்று செய்த வண்டியாம். அதை வாங்கியவரோ நெல்லும் கடலையும் போடுகிற என் பெரியப்பா மகன். களத்துமேட்டில் நிற்க வேண்டிய வண்டியா இது என்று கேட்டதற்கு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. உதிரிச் சாமான் எங்கும் கிடைக்காது. ஒவ்வொரு அறுவடைக்கும் ஏதாவது ஒன்று மாறும். வயல்தடத்தில் அடி தட்டுகிறது என்று ஜீப்பின் வில்பட்டைகளைப் போட்டு வண்டியை உயர்த்தினார். பழைய என்ஜின் புகை கக்கவும் கோயமுத்தூர் பட்டறையில் அம்பாசடர் என்ஜினை இறக்கி வைத்தார். இத்தனை செய்வதற்குப் புதுக் காருக்குப் பதிந்து வைத்திருந்தால் இந்நேரம் கைக்கு வந்திருக்கும் என்று ஊரே சொல்லி ஓய்ந்துவிட்டது. புதுக் காரில் எல்லோரும் ஏறுவார்கள், இதில் நான் மட்டும் போகலாம் என்றார் ஒரு தடவை. எனக்கு அது புரிந்தது. அப்பன் வைத்த தோட்டம், அப்பன் வைத்த வழக்கு, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க முடியாது.

பட்டறைக்காரர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். என்ஜின் பெரிதாகிவிட்டது, ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும், அதற்கு வண்டியின் மூக்கை அறுத்தே ஆக வேண்டும். அண்ணன் கேட்கவில்லை. அந்த மூக்குக்காகத்தானே வாங்கினேன் என்று சின்ன ரேடியேட்டரோடேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நம் பக்கம் மேடில்லாத சமதரைச் சாலை. குறை ஒன்றும் தெரியவில்லை.

அவருடைய ஒரே தங்கை பழனாத்தாளைக் காந்தலூரில் கொடுத்திருந்தோம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். அவள் மகள் வயதுக்கு வந்த சேதி வந்து, திரட்டிச் சீருக்கு நாளும் குறித்துவிட்டார்கள். எங்களில் மாமன் கொண்டுபோகும் சேலையைக் கட்டித்தான் பிள்ளையைச் சபையில் உட்கார வைப்பார்கள். மஞ்சள்நீர் ஊற்றிய பிறகு அந்தச் சேலை வரும்வரை அவள் ஈரத்துணியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் ஒன்றாகப் பஸ்ஸில் போவோம் என்றாள் செல்லாத்தாள் அண்ணி. அண்ணன் சேலையும் சீர்த்தட்டும் பக்கத்துச் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினார். மாமன் வண்டியில் வந்து இறங்க வேண்டுமாம். அண்ணியும் நானும் உடுமலை போய்ப் பஸ் மாறினோம். வண்டி வந்த நாளிலிருந்து அந்தச் சீட்டில் அண்ணி உட்கார்ந்தது கோயில் வரைக்கும்தான்.

சின்னாறு தாண்டி ஏற்றத்தில் பஸ் வளைந்தபோது சிவப்பு மூக்கு திறந்து கிடந்தது. பக்கத்தில் அண்ணன், கையில் காலி டின். கொதித்த என்ஜினை ஆற விடப் பொறுமையில்லாமல் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். என்ஜினின் தலை வெடித்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. டிரைவர் எங்களுக்காகப் பஸ்ஸை நிறுத்தினார்.

"வாங்க, எடம் இருக்குது," என்றாள் அண்ணி.

"ஆனை நடமாடற எடம். தனியா உட்டுட்டு எப்படி வர்றது? யாராச்சும் கட்டி இழுத்தாப் பொறகாலயே வந்தர்றேன்."

அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கிக் காரின் பக்கத்துச் சீட்டுக்குப் போனாள். அப்புறம் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அங்க புள்ள ஈரத்துணியோட இருக்குமுங்க," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

காந்தலூரில் மாமனாக நின்றது நான். பங்காளி நின்றாலும் முறை முறைதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சேலையை நீட்டியபோது பிள்ளை என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. எனக்கு அண்ணன்மேல் வந்த கோபம் சொல்லி முடியாது.

பொழுது சாயும்போது ஒரு காய்கறி லாரியிலிருந்து இறங்கினார். பந்தலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வந்து காலில் விழுந்தது. தலையில் கை வைத்து வாழ்த்த வேண்டும். முழங்கை வரை கரி எண்ணெய். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பழனாத்தாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஏனுங்ணா, வண்டி செரியாயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

வண்டியை லாரியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம். விற்றுவிடுவார் என்று பார்த்தால், அவரே ரம்பத்தை எடுத்து மூக்கை அறுத்துப் பெரிய ரேடியேட்டரை வைத்தார். என்ஜினும் சரியானது. பார்க்கத்தான் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆனால் அதன்பிறகு எந்த மேட்டிலும் சூடாகவில்லை.

சில வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் வந்தது. விடிகாலையில் அண்ணன் வண்டியைத் துடைத்துக் கிளப்பி வைத்திருந்தார். அண்ணி சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்தாள்.

"இப்பச் சூடாவாது. நீயும் ஏறு," என்றார்.

"ஏறிக்கறனுங்க," என்றாள் அண்ணி. "சீர எங்கீங்க வெக்கறது?"

அண்ணன் இரண்டு சீட்டையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவர் மாற்றாதது அது ஒன்றுதான். சாவியைத் திருப்பி அணைத்தார். தட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தார். அண்ணி பின்னால் போனாள், நானும் போனேன். முகூர்த்த நாள் கூட்டம், உடுமலை வரைக்கும் நின்றுகொண்டேதான் போனோம்.