கையில் கொடுத்த கத்தி

கொம்பையா அண்ணனைப் பார்த்தால் இடுப்பில் கத்தி இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒல்லியான ஆள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். இருங்காட்டுக்கோட்டையில் எங்களோடு ஓர் அறையில் இருக்கிறார். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே மடக்குக் கத்தியை எடுத்துத் துடைப்பார். பார்சல் கயிறு அறுக்க, நகம் சீவ, முருங்கைக்காய் நறுக்க, சட்டையில் தொங்கும் நூலை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான்.

"எலேய், சட்ட போடாமக்கூட வெளிய போயிருவேன். இது இல்லாம போனா நட ஒரு பக்கமா இழுக்கு" என்பார்.

முன்பு அவரிடம் நாலைந்து கத்திகள்தான் இருந்தன. உயிர் ஒன்றில்தான். முதல் சம்பளத்தில், ஊரில் ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் வாங்கியது. எருமைக்கொம்புப் பிடி, நடுவில் பித்தளை ஆணி. மடக்கினால் உள்ளங்கைக்குள் தூங்கிவிடும்.

நானும் அவரும் ஒரே கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தோம். கத்தியோடு உள்ளே போக முடியாது. ஆகவே கேட்டுக்கு எதிரே பழவண்டி போட்டிருக்கும் சந்திரம்மாளிடம் விட்டுவிட்டுப் போவார். கையில் கொடுக்க மாட்டார். வண்டிப் பலகையில் வைப்பார், அந்த அம்மா எடுத்துக்கொள்வார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். அவர் ஊர்ப் பக்கமும் அப்படித்தான், இந்தப் பக்கமும் அப்படித்தான். ஷிப்ட் முடியும்வரை சந்திரம்மாள் அதில்தான் கொய்யா அறுப்பார். அண்ணன் உள்ளே வேலை செய்யும் நேரமெல்லாம் கத்தியும் வெளியே வேலை செய்துகொண்டிருந்தது.

கேட்டில் செக்யூரிட்டி ஆபீசர் டில்லிபாபு. மணிமங்கலத்துக்காரர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வாக்கிடாக்கி. தினமும் ஓசிக் கொய்யா தின்ன வருவார். ஒருநாள் கத்தியைப் பார்த்துவிட்டார்.

"யார்துமா இது? டக்கரா கீதே."

அண்ணன் பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நம்மளுதுதான் சார்."

"எனக்குக் குட்த்துடு. நீ வேற வாங்கிக்க."

"வேற எது வேணாலும் கேளுங்க சார். இது தர மாட்டேன்."

பஸ் டிரைவர் ஒருவர் விசிலடித்தார். "ஆபீசருக்கே இல்லன்ட்டான்பா!" எல்லோரும் சிரித்தார்கள். டில்லிபாபுவும் சிரித்தார். ஆனால் வாயில் இருந்த கொய்யாவை அவர் மென்று முடிக்கவே இல்லை. துப்பிவிட்டுப் போனார்.

மறுவாரம் அவர் வண்டிக்கு வந்து, "கொம்பையா கத்தியக் கேக்கறான்மா. கேண்டீன்ல பழம் அறுக்கணுமாம், நானே பெர்மிஷன் குட்த்துட்டேன்" என்றார். சந்திரம்மாளுக்குக் கூட்டம். ஆபீசரே கேட்கிறாரே என்ற அவசரத்தில் பலகையில் வைக்க மறந்து, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

எங்கள் பைகள் லாக்கரில் இருக்கும். மாற்றுச் சாவி செக்யூரிட்டியிடம். சாயங்காலம் வெளியே வரும்போது சோதனை. அண்ணனின் சாப்பாட்டுப் பையிலிருந்து கத்தியை டில்லிபாபு எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

"நல்ல பையன்னு நெனச்சேன். உள்ள யாரக் குத்த வச்சிகினு இருந்தியோ?"

அடுத்த மாதம் அண்ணனை நிரந்தரமாக்குவதாக இருந்தது. மனிதவள ஆபீசில் 'ஆயுதம்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர் கழுத்து அட்டையை டில்லிபாபுவே கழற்றினார். நடந்ததைச் சொல்லப் போன சந்திரம்மாளைக் கேட்டுக்குள் விடவில்லை. பழக்காரி சாட்சியா என்று கேட்டார்களாம். செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்குப் பேசி வைத்திருந்த உலகம்மாளின் வீட்டார், கத்தி தூக்குகிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அதே வாரம், எருமைக்கொம்புக் கத்தியால் டில்லிபாபு காது குடைந்துகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அண்ணனிடம் சொன்னேன்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"அடிக்கப் போறீங்களாண்ணே?"

"அடிச்சா ஒரு நாள்ல முடிஞ்சிருமேல" என்றார். "என் பையில வச்சது அவந்தான்னு, அந்தக் கேட்டுல நின்னு, அம்புட்டுப் பேருக்கும் கேக்க அவன் வாயாலயே சொல்லணும். அதுவரைக்கும் அவன் ஒரு டீ நிம்மதியாக் குடிக்கக் கூடாது."

மண்ணூரில் ஒரு குடோனில் சேர்ந்தார். இரண்டாம் ஷிப்டாகக் கேட்டு வாங்கினார். காலைகள் அவருக்கு வேண்டியிருந்தன.

மறுநாள் காலை, ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தில், சந்திரம்மாளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு கொய்யா வாங்கினார். மிச்சமிருந்த மடக்குக் கத்திகளில் ஒன்றைத் திறந்தார். கேட்டருகே நிற்கும் டில்லிபாபுவைப் பார்த்தபடி தோலைச் சுற்றிச் சுற்றிச் சீவினார். துண்டு துண்டாக அறுத்துக் கத்தி முனையாலேயே வாயில் வைத்தார். தின்று முடித்துக் கத்தியைத் துடைத்து மடக்கிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் வேறு கத்தி. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

கத்தி சேர்ப்பது அவருக்கு அப்போதுதான் வெறியானது. வடக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கும் அறைகளில் ஏறி இறங்கினார். பாதி இந்தி, பாதி கை ஜாடை. வாட்ச், பெல்ட், ஒருமுறை புதுச் செருப்பு, எதைக் கொடுத்தாவது வாங்கிவிடுவார். மீன் போல வளைந்த பித்தளைக் கத்தி வந்தது. திறக்கும்போது கடகடவென்று பல்லைக் கடிப்பதுபோல் சத்தமிடும் கத்தி வந்தது. செடி ஒட்டுக்கட்டும் கத்தி, சாவி போலவே செய்த கத்தி, பழைய இரும்புக் கடையில் துருவோடு கிடந்த கப்பல்காரன் கத்தி. பிஸ்கட் டின்னுக்குள், தேங்காயெண்ணெய் தடவிய பனியன் துணியில் எல்லாம் வரிசையாகப் படுத்திருக்கும். அவர் டின்னைத் திறந்தால் அறையில் பேச்சு தானாக நின்றுவிடும்.

"இது எப்பம்ல?" என்று தனக்குள் கேட்டுக்கொள்வார். "திங்கக் கிழமையா? வேண்டாம். அவன் லீவு முடிஞ்சு வாற அன்னைக்கு."

டில்லிபாபு முதலில் சிரித்தார். "பைத்தியம் புட்ச்சிருச்சி" என்றார். பிறகு முதுகைக் காட்டி நின்றார். முதுகைக் காட்டியவருக்கு அடிக்கடி திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பஸ்ஸில் வருகிறவர்கள் இன்றைக்கு என்ன கத்தி என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கேட்டில் காவலுக்கு நிற்கும் மாரிராஜ் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு தினமும் தகவல் சொல்வான்.

"சார், இன்னைக்கு மீனு. பித்தள."

"நான் கேட்டனா?"

"இல்ல சார். சும்மா காதுல போட்டேன்."

டில்லிபாபு போலீசுக்குப் போனார். ஒரு ஏட்டு பைக்கில் வந்தார்.

"இன்னா பண்றான்?"

"கொய்யா அறுக்கறான் சார்."

"கொய்யாவ அறுக்காம மூஞ்சில பூசிக்குவானா?" ஏட்டு அண்ணனின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

வண்டியை எடுக்கச் சொல்லி டில்லிபாபு சந்திரம்மாளிடம் போனார். அந்த அம்மா அந்த நாளுக்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார்.

"எட்றேன். எட்துகினு போயி உன் வூட்டாண்ட போட்றேன், வா. அன்னிக்கி என் கையால வாங்கினியே கத்தி, அது இன்னா ஆச்சின்னு சொல்லு மொதல்ல."

மழையிலும் அண்ணன் வந்தார், குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. காய்ச்சலிலும் வந்தார். டில்லிபாபு டீயை அறைக்குள் கொண்டுவரச் சொன்னார். அங்கே கேமரா திரையில் பெஞ்சு தெரிந்தது. திரையை அணைத்தால் அது குற்றம். தாடையில் சவர வெட்டுகளோடு வர ஆரம்பித்தார். யாராவது கொய்யா தின்றுகொண்டு சோதனைக்கு வந்தால் கத்தினார். மெலிந்தார். அதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "இன்னும் இருக்குல்லா ஆளு" என்றார்.

தை மாதத்தில் ஒரு காலை. பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. டில்லிபாபு சாலையைக் கடந்து பெஞ்சுக்கு வந்தார். கை பேண்ட் பையில் இருந்தது. அண்ணன் சீவுவதை நிறுத்தவில்லை.

"நாந்தாம்பா வச்சேன்" என்றார் டில்லிபாபு.

"கேக்கல சார்."

"உன் பையில நாந்தான் வச்சேன்."

"பஸ்ஸுக்குள்ள இருக்கவனுக்குக் கேக்கணும். கேட்டுல போயி நில்லுங்க. அன்னைக்கு நின்னியள்லா, அதே எடத்துல."

போனார். நின்றார். கத்தினார். "கொம்பையா கத்தி எட்துகினு வர்ல! இந்தம்மா கிட்ட வாங்கி நாந்தான் அவன் பையில வச்சேன்!" ஒரு டிரைவர் இன்ஜினை அணைத்தார். மாரிராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டான், எதற்கென்று தெரியாமல்.

டில்லிபாபு திரும்ப வந்து, எருமைக்கொம்புக் கத்தியை வண்டிப் பலகையில் வைத்தார். முறையாக, கைபடாமல் எடுத்துக்கொள்ளும்படி.

"அப்பாடா" என்றார் சந்திரம்மாள். "எட்துக்கபா. முட்ஞ்சிது. வுட்டுடு."

அண்ணன் கையிலிருந்த கத்தியை மடக்கி வைத்தார். பலகையில் இருந்ததை, எடுக்காமல், குனிந்து பார்த்தார். முனை உடைந்திருந்தது. எந்தப் பெயின்ட் டப்பாவை நெம்பினாரோ.

"கையில தாங்க" என்றார்.

"இன்னாபா... வச்சிட்டேனே. எட்துக்கயேன்."

"அந்தம்மா அன்னைக்கு உங்க கையிலதான தந்தாவ? அதே மாதி என் கையில தாங்க."

டில்லிபாபுவுக்குப் புரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் புரிந்தது. சந்திரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கையில வேணாம்பா. நம்ம ரெண்டு பேருக்கும் இத்தோட போதும்."

"போதாது சார்."

அண்ணன் உள்ளங்கையை நீட்டினார். டில்லிபாபு கத்தியை எடுத்து அதில் வைத்தார். அண்ணன் அந்த விரல்களையும் சேர்த்து ஒரு கணம் மூடிப் பிடித்து, பிறகு விட்டார்.

கம்பெனி கூப்பிட்டு அனுப்பியது, திரும்ப வேலைக்கு வரலாம் என்று. அண்ணன் போகவில்லை. போனால் காலை ஷிப்ட் கொடுத்துவிடுவார்கள். செக்யூரிட்டி ஏஜென்சி டில்லிபாபுவை ஆபீசர் அறையிலிருந்து இறக்கி, தொப்பி போட்டு, வெயிலில் தடுப்புக் கம்பத்தருகே நிற்க வைத்தது. மூன்று பெண்களைக் கட்டிக் கொடுக்க வேண்டியவர், விட்டுவிட்டுப் போக முடியாது. கம்பத்துக்கு நேர் எதிரே பெஞ்சு. நடுவில் சாலை மட்டும்.

இன்று காலையும் அண்ணன் பல் தேய்ப்பதற்கு முன்னால் கத்தியைத் துடைத்தார். பிஸ்கட் டின்னைத் திறக்கவில்லை. இனி எடுத்துப் போகப் போவது ஒன்றுதான். நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சந்திரம்மாள் கொய்யாவை அவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

முனை உடைந்த கத்தி பழத்தில் இறங்கவில்லை. அண்ணன் அதைச் சாய்த்துப் பிடித்து, தோலை நூல் நூலாக எடுக்க ஆரம்பித்தார். முன்பைவிட நேரம் பிடித்தது. அவருக்கு அவசரம் எதுவும் இல்லை.