வேம்பு போணி பண்ணின மேஜை

வைத்திக்குப்பத்தில் என் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். மூன்று மாடி. உச்சியில் தண்ணீர்த் தொட்டி, வஞ்சிர மீன் வடிவத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதுதான் அம்மாவாசை வீடு. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஐஸ் கட்டி உடைக்கிற கூலியாக ஆரம்பித்து, இன்றைக்கு இரண்டு ஃபைபர் படகும் ஒரு ஐஸ் வண்டியும் வைத்திருக்கிறேன். எவன் தயவும் கிடையாது. ஆனால் இங்கே நான் எழுத வந்தது என் மனைவி வேம்புவைப் பற்றி. என்னைப் பற்றி ஆரம்பித்தால் தாள் போதாது.

வேம்பு பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கல்யாணமான புதிதில் கூடையைத் தலையில் வைத்து வீதி வீதியாகப் போனாள். மார்க்கெட்டில் உட்கார இடம் கிடைத்தது அப்புறம்தான். முதல் படகு வாங்கினதும், இனிமேல் நீ காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடு, அம்மாவாசை பெண்டாட்டி மீன் விற்றாள் என்றால் என் மரியாதை என்ன ஆவது என்று சொன்னேன். என் மரியாதையை ஐஸ் பெட்டியில் போட்டு மூடி வைக்கச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கும் போகிறாள்.

போணி விஷயத்தில் அவள் ஒரு மாதிரி. விடியற்காலையில் முதலில் வந்து மீனைத் தொட்டுப் பார்க்கிற ஆளை வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். அவர்கள் அநியாயத்துக்கு விலையைக் குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். பக்கத்துக் கடைக்காரிக்கு இன்னும் போணி ஆகவில்லை என்றால், தன்னிடம் வந்த ஆளையே அங்கே கைகாட்டி அனுப்புவாள். முதல் வியாபாரம் முறிந்தால் அன்றைய பொழுதே முறிந்துபோகும் என்பது அவள் கணக்கு. இப்படி வியாபாரம் செய்தால் எப்போது முன்னுக்கு வருவது என்று நான் எவ்வளவோ புத்தி சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது அவளுடைய அருவாமனை. மீன் நறுக்குகிற அந்த ஒன்றை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. சுனாமி அன்று ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இவள் இடுப்பில் மகன் வினோத்குமாரையும் ஒரு கையில் அருவாமனையையும் வைத்துக்கொண்டு ஓடினாள். நான் அப்போது நடுக்கடலில் இருந்தேன். கரைக்கு வந்து இவளைத் தேடிக் கண்டுபிடித்ததும், அவள் கை வலிக்குமே என்று அருவாமனையை வாங்கப் போனேன். பிள்ளையைத்தான் என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து சேதராப்பட்டில் மருந்து டப்பா செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அதே கம்பெனியில் கணக்கு பார்க்கிற சங்கவியைக் கட்டினால் கட்டுவேன், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றான். வேறு சாதிதான். அதற்கு நான் மலைத்துப் போகவில்லை, சம்பாதித்தவனுக்கு அந்தத் தைரியம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சங்கவியின் அப்பா நாராயணசாமி பழைய மில் தொழிலாளி. மில் மூடினபிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் வடலூர் போகிறவர். அவர்கள் வீட்டில் முட்டை வாசனைகூடக் கிடையாது. ஒருநாள் அவர் யாருக்கும் சொல்லாமல் சைக்கிளில் எங்கள் தெரு வரைக்கும் வந்து, மாடிமேல் நிற்கிற வஞ்சிரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாராம்.

திண்டிவனத்தில் அவர்கள் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். அந்த வாரத்துக்குள் எங்களோடு பேச்சு முடியாவிட்டால் அடுத்த வாரம் திண்டிவனத்துக்காரர்கள் தட்டோடு வந்துவிடுவார்கள் என்று சங்கவி அழுதிருக்கிறாள். என் மகன் சாப்பாடு இறங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

எங்கே உட்கார்ந்து பேசுவது? எங்கள் பக்கத்தில் பேச்சு முடிவாவதற்கு முன்னால் யார் வீட்டிலும் கை நனைக்கமாட்டார்கள். பெண் வீட்டிலேயோ பிள்ளை வீட்டிலேயோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் கொடுத்ததாகிவிடும். அவர்கள் வழக்கமும் அதுதான். அதுவும் போக, எங்கள் வீட்டு வாசலுக்கே வரமாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? பொதுவான இடமாகப் பார் என்று மகனிடம் சொன்னது நான்தான். மிஷன் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டலை அவன் பிடித்தான். பல தேசத்து ரோட்டுக்கடைத் தீனியெல்லாம் அங்கே கிடைக்கும், எல்லாமே சைவம்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் கழித்து ஆறு மணிக்குமேல் போனோம். அப்போதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்கத் தள்ளுவண்டிப் படங்கள், வண்டிக்கு ஒரு தேசம். கடையை நடத்துகிற பெண்ணின் பெயர் செந்தமிழ்ச்செல்வி. குசினி அடுப்புக்கும் மேஜைக்கும் அவளே ஓடிக்கொண்டிருந்தாள். போகிற வழியிலேயே வேம்புவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், ஹோட்டலானாலும் சம்பந்தம் பேசுகிற மேஜையில் கை நனைத்தால் சம்மதம்தான், நான் கை வைக்கிறவரைக்கும் நீ எதையும் தொடாதே என்று. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. முதலில் நாராயணசாமி வாயைத் திறந்து, உங்கள் பையனுக்கு எங்கள் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டும். அதன்பிறகு நான், நகை சீர் ஒன்றும் வேண்டாம், பெண்ணைக் கட்டின புடவையோடு அனுப்புங்கள் என்று கம்பீரமாகச் சொல்வேன். அதற்கப்புறம்தான் சாப்பாடு.

நாராயணசாமியும் அவர் சம்சாரம் நிர்மலாதேவியும் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் இரண்டு ஓரத்தில். மெனு அட்டையை வாங்கி நானே ஆர்டர் கொடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் வெள்ளைக்கார வீதியில் எத்தனையோ துரை வீட்டுக் குசினிக்கு சிங்க இறால் கொண்டுபோய்ப் போட்டவன். பிரெஞ்சில் 'சவா?' என்று நலம் கேட்டால் 'சவா, மெர்சி' என்று சொல்லத் தெரியும். படத்தைப் பார்த்து இது, இது, இது என்று விரலை வைத்தேன். மெக்சிகோக்காரனுடைய மடித்த ரொட்டி, திபெத்துக் கொழுக்கட்டை, அரபுநாட்டுக் கடலை வடை, பிரெஞ்சுக்காரன் சுடுகிற மெல்லிசு தோசை, வடக்கத்தி பானி பூரி. மேஜை நிறைந்துவிட்டது.

ஒருவரும் தொடவில்லை.

நான் ஐஸ் உடைத்த கதையைச் சொன்னேன். படகு வாங்கின கதையைச் சொன்னேன். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது தண்ணீர் ஊறினது, அதை நான் எப்படிச் சமாளித்தேன் என்பதையும் சொன்னேன். நாராயணசாமி எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தார். நிர்மலாதேவி முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். கொழுக்கட்டையிலிருந்து ஆவி வருவது நின்றுபோனது. வினோத் என்னைப் பார்த்தான், நான் நாராயணசாமியைப் பார்த்தேன், அவர் சுவரில் இருந்த மெக்சிகோ வண்டியைப் பார்த்தார்.

செந்தமிழ்ச்செல்வி இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"எதனா கொறயா இருக்குதுங்களா? இன்னிக்கு மொதல்ல வந்தது நீங்கதான். புடிக்கலன்னா சொல்லுங்க, வேற செஞ்சு தரேன்."

ஒரு குறையும் இல்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி அவளை அனுப்பினேன். அவள் நம்பவில்லை. குசினிக் கதவு ஓரத்தில் நின்று எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் இரண்டு பேர் வந்து, ஆறிப்போய்க் கிடந்த எங்கள் மேஜையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே நடையைக் கட்டினார்கள்.

வேம்புவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. நான் மேஜைக்கடியில் காலால் தட்டினேன். அவள் ஒரு பூரியை எடுத்து, புளித்தண்ணீரை ஊற்றி, அப்படியே வாயில் போட்டாள். முழங்கை வரைக்கும் தண்ணீர் வழிந்தது. மென்று விழுங்கிவிட்டு, கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். பிறகு இன்னொன்று எடுத்தாள்.

நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா, பேச்சே இன்னும் ஆரம்பிக்கலயே."

"நீங்க பேசுங்கண்ணே, நான் சாப்டுக்கிட்டே கேக்குறேன். வெளக்கு வெச்ச நேரத்துல மொதப் போணிய இப்டி ஆறப்போட்டா, அந்தப் பொண்ணுக்கு அப்புறம் யாவாரம் ஆவுமா?"

"அப்ப உங்க பக்கம் சம்மதம்னு எடுத்துக்கலாமா?"

"அதான் சாப்ட்டேனே."

என் திட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. பிள்ளை வீட்டுக்காரர்கள் நாங்கள், கேட்கப்படுவதற்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்தாயிற்று. சீர் வேண்டாம் என்று நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சுக்கு இடமில்லாமல் போனது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவ்வளவு நேரம் நான் பேசினதற்கு வாய் திறக்காத மனிதர், அவள் இரண்டு பூரி சாப்பிட்டதும் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு உங்க மேல ஒன்னும் இல்லம்மா. பையன் தங்கமான பையன். ஆனா எம் பொண்ணு முட்டயக்கூடத் தொட்டது கெடயாது. உங்க வீட்ல தொட்டியே மீனா நிக்குது. நாளைக்கு அவ கையில அருவாமனையக் குடுத்து மீன ஆயச் சொன்னா அவ என்னா பண்ணுவா?"

வேம்புவின் முகம் மாறிவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கினாள். ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மார்க்கெட்டில் யாராவது செவுளைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குறை சொன்னால் எப்படிப் பேசுவாளோ, அப்படிப் பேசினாள்.

"என் அருவாமனைய நான் எதுக்கு அவளுக்குக் குடுக்கணும்? கட்டுனவரு இவரே தொட்டதில்ல, கேட்டுப் பாருங்க. உங்க பொண்ணு வந்து கெஞ்சுனாலும் குடுக்கமாட்டேன்."

சங்கவிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுவரைக்கும் வாயே திறக்காத நிர்மலாதேவி முன்னால் சாய்ந்தார்.

"நெசமாவே குடுக்கமாட்டீங்களே, அண்ணி?"

"கால்ல உழுந்தாலும் குடுக்கமாட்டேன்."

நாராயணசாமி என்னைப் பார்த்தார். சுனாமி அன்று நடந்ததைச் சொன்னேன். அன்று மாலை நான் சொன்னதிலேயே அவர் முழுமையாகக் காது கொடுத்துக் கேட்டது அந்தக் கதையைத்தான். கையோடு கையாக, மூன்றாவது மாடியில் தனிக் குசினி கட்டித் தருகிறேன், மாடிப்படியில் மீன் ஏறாது என்றும் சொன்னேன். யோசித்துப் பேசுகிறவன் நான், ஆகையால் அந்த நேரத்தில் அது தோன்றியது.

அவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பூரியை எடுத்தார். பழக்கமில்லாததால் பாதி தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. வாய் நிறைய வைத்துக்கொண்டே, "காரம் சாஸ்திதான், சம்பந்தி" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபிறகு மேஜையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வினோத் ஒருவனே ஆறின கொழுக்கட்டை அத்தனையையும் தின்று தீர்த்தான். பிரெஞ்சு தோசையில் உப்பு போட மறந்துவிட்டார்கள் என்று வேம்பு சொன்னாள். அது இனிப்புத் தோசை என்று நான் விளக்கினேன். நாங்கள் எழுந்தபோது மற்ற மேஜைகளிலும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள். வேம்பு வாசலில் நின்று அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினாள். அந்த இடத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்தது நான் என்பதை மறுபடியும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தையில் கல்யாணம் நடந்தது. சொன்னபடி மூன்றாவது மாடியில் குசினி கட்டினேன். வஞ்சிரத் தொட்டியை மட்டும் மாற்றவில்லை, அது என் அடையாளம். சம்பந்தி இப்போது வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் நேராக மாடி ஏறிவிடுகிறார். சனிக்கிழமைகளில் வேம்புவுக்கு மேலேதான் சாப்பாடு. மருமகள் பரிமாற, அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நான் பலவருடம் சொல்லியும் நடக்காதது.

போன மாதம் ஒருநாள் பரங்கிக்காய் நறுக்கவேண்டும், கத்தி இறங்கவில்லை என்று சங்கவி கீழே வந்து அருவாமனையைக் கேட்டாள். வேம்பு முடியாது என்று சொல்லிவிட்டாள். பெண் முகம் வாடித் திரும்பிப் போனாள். அன்றைக்கு மத்தியானமே வேம்பு மார்க்கெட்டிலிருந்து ஒரு புது அருவாமனை வாங்கிக்கொண்டு வந்து, மூன்று மாடி ஏறி, மருமகள் முன்னால் வைத்தாள்.

"இது உன்னுது. நான்கூடத் தொடமாட்டேன்."

இதுவரைக்கும் அதில் பரங்கிக்காயும் வாழைப்பூவும்தான் அறுபட்டிருக்கின்றன. வேம்பு மேலே சாப்பிடப் போனால் அதன்மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு போய்த்தான் உட்காருகிறாள்.