எழுத்தை உள்ளே வைக்காத மலர்

என் மருமகள் ஐவி தலையில் விழுந்த பழி அவளுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து யாரும் சமாதானம் பேச வேண்டாம்.

எங்கள் பேட்டையான என்.ஆர். மொகல்லாவில் மரியராஜ் வைத்திருக்கும் டி.டி.பி. கடையில் அவள் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தாள். மரியராஜ் அவளுக்குச் சித்தப்பா முறை. தொண்ணூற்றெட்டில் எங்கள் கோவிலுக்குப் பொன்விழா வந்தது. விழா மலரை அச்சடித்ததோடு விடாமல், துபாய், கனடா என்று போய்விட்ட பிள்ளைகள் கம்ப்யூட்டரிலேயே படிக்கிற மாதிரி பி.டி.எஃப். ஆக்கி ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள்.

ஐவி உட்கார்ந்து பக்கங்களைப் புதிதாகப் பிரித்தாள். காகிதத்துக்குப் போட்ட பொடி எழுத்து திரையில் கண்ணைக் குத்தும் என்று பெரிதாக்கினாள். முன்பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பெயரை அமுக்கினால் அந்தக் குடும்பத்துப் படம் வந்து நிற்கும். சோறு ஆறிக் கிடக்கும், இவள் வர மாட்டாள்.

கடைசியில் தமிழ் எழுத்தையும், ஃபான்ட் என்பார்கள், அந்த ஃபைலுக்குள்ளேயே சேர்த்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்த எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் தமிழே தெரியாதாம். மரியராஜ் விடவில்லை. ஊரிலேயே அந்த அழகான எழுத்து தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே வைத்து அனுப்பினால் அடுத்த கடைக்காரன் உருவிக்கொள்வான் என்று பயம். அப்படியே அனுப்பு என்றான். தன் கடையில் திறந்து பார்த்தான். முத்து முத்தாகத் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும், எழுத்துதான் அங்கேயே இருக்கிறதே. சித்தப்பா சொல்லைத் தட்டக் கூடாது என்று ஐவியும் அனுப்பிவிட்டாள்.

துபாயிலிருந்து என் மகள் நிம்மி போன் செய்தாள். "அம்மா, அப்பா படம் மட்டுந்தான் தெரியுது. கீழ அப்பாவப் பத்தி நான் எழுதுனதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கோடுமா கிறுக்கி வெச்ச மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் மரியராஜ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பொண்ணுக்கு இந்த வேலை புதுசு. அவசரத்துல கெடுத்துட்டா."

வாயைத் திறக்கப் போனேன். ஐவி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள்கூட ஐவி வேண்டாம், வேறு ஆளைப் போடுங்கள் என்றார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு அவளையும் நன்றாகத் திட்டினேன்.

கனடாக்காரர்கள் குடைந்ததும் மரியராஜ் வீட்டுக்கு வந்தான். சத்தமில்லாமல் எழுத்தைச் சேர்த்து மறுபடி அனுப்பிவிடச் சொன்னான்.

"அனுப்பறேன் சித்தப்பா," என்றாள் ஐவி. "எழுத்த உள்ள வெக்க வேணாம்னு சொன்னது நீங்கதான்னு மொதல்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"பேடம்மா, வேணாம்மா, குடும்பத்து விஷயம் குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பழியக் குடும்பத்துக்குள்ளயா போட்ட? கோவில் வாசல்லதான போட்ட? அங்கயே போய்ச் சொல்லு."

அடுத்த ஞாயிறு ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று முணுமுணுத்தான். ஐவி அனுப்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, தான்தான் வேண்டாம் என்றதாகத் தெளிவாகச் சொன்னான். அன்று மாலையே மலர் போய்ச் சேர்ந்தது. நிம்மி தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்ததைப் போனிலேயே எனக்குப் படித்துக் காட்டினாள்.

மரியராஜ் இப்போதும் வருகிறான். ஐவி காப்பி கொடுக்கிறாள். நான் கொடுப்பதில்லை.