ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே விலை

நான் வாய்க்காரி என்பது எங்கள் அல்சூர் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான் மறுத்ததும் இல்லை. என் வாயால்தான் எங்களுக்குச் சொந்த வீடு அமைந்தது. என் வீட்டுக்காரர் வாயால் அது கைநழுவப் பார்த்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. ஒரே ஓனரின் ஐந்து வீட்டு வரிசையில் போக்கியத்துக்கு இருந்தோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. அதன் வட்டிதான் ஓனருக்கு வருமானம். காலி செய்யும்போது முழுசாகத் திருப்பித் தரவேண்டும். பின்னால் கிடந்த அவருடைய காலி மனைகளில் வீட்டுக்கு ஒன்றை அந்தப் போக்கியப் பணத்துக்கே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். சுவர் எழுப்பத்தான் வழியில்லை. வட்டிக்கடையில் வாங்கிக் கட்டினால் வட்டியே வீட்டைத் தின்றுவிடும்.

அப்போதுதான் சம்பளக்காரர்களுக்கு வீடு கட்ட அரசாங்கமே குறைந்த வட்டியில் கடன் தரத் தொடங்கியது. ஃபாக்டரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கும் ஆர்டர் வந்தது. இரண்டு மாதத்துக்குள் மனைப்பத்திரம் காட்டாவிட்டால் ரத்து. பத்திரம் முடியும்வரை மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? மைசூர்பாகு வாங்கி முதல் பொட்டலத்தை ஓனர் கையிலேயே கொடுத்து, "கவர்மெண்ட் லோன் வந்துடுச்சுங்க!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாளே மனை விலை ஒன்றரை மடங்கு.

"இன்னாம்மா பண்றது? குறைஞ்ச வட்டிக்குப் பணம் குடுத்தா எல்லாரும் மனை கேப்பாங்க. ரேட் ஏறத்தானே செய்யும்?" என்றார் ஓனர். அரசாங்கம் எங்களுக்கு விட்டுக்கொடுத்த வட்டி அவர் மடிக்குப் போகப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "மைசூர்பாகு மிச்சம் இருந்தா தின்னுட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மற்ற நாலு வீட்டுக்கும் போனேன்.

"இன்னைக்கு எனக்கு ஏத்துறாரு. நாளைக்கு உங்களுக்கு லோன் வந்தா சும்மா விடுவாரா?"

ஐந்து பெண்களும் போக்கியச் சீட்டோடு ஓனர் வீட்டு வாசலில் நின்றோம். எல்லாச் சீட்டும் கெடு முடிந்தவை. "ரேட் ஏறட்டுங்க. எங்க அஞ்சு பேர் பணத்தையும் ஒண்ணாந்தேதி எடுத்து வைங்க, காலி பண்றோம்" என்றேன். சரியென்று அவர் சொல்லியிருந்தால் ஐந்து குடும்பமும் தெருவில். ஆனால் அந்தப் பணமெல்லாம் அவர் மகள் கல்யாணத்தில் போயிருந்தது. பந்தியில் சாப்பிட்டவர்கள் நாங்கள்தானே!

ஐந்து சீட்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "ஆய்த்தும்மா, விடு. உனக்குப் பழைய ரேட்டே."

"எனக்கு மட்டும் வேணாங்க. அஞ்சு பேருக்கும் அதே ரேட்டுன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். மற்ற நால்வருக்கும் கடன் வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்தில் மனை விலை எங்கேயோ போய்விட்டது. பின்மனைகளில் மட்டும் ஐந்து வீடும் ஒரே மனை விலையில் எழும்பின. அது நான் நிறுத்தி வைத்த விலை.