வாசல் அண்ணனின் வரிசை

பத்தொன்பது வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்தவள் நான். அவரைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உத்தமர் என்றாலும் வரும், அக்கிரமக்காரர் என்றாலும் வரும். அப்படியானால் நீயே சொல்லு, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

எங்களுடையது தொழிலாளர் குடியிருப்புகளை ஒதுக்கிக் கொடுக்கும் அலுவலகம். உள்ளே அதிகாரியின் அறை, வெளியே ஒரு நடை. அந்த நடையில் ஒரு பக்கம் என் மேசை, மறு பக்கம் அதிகாரியின் கதவை ஒட்டி இவருடைய நாற்காலி, நடுவே வந்தவர்கள் உட்கார நீள பெஞ்சுகள். சம்பளப் பட்டியலில் அவர் ‘அலுவலக உதவியாளர்’. அப்படி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மற்றவர்களுக்கு ‘வாசல்’, எனக்கு ‘வாசல் அண்ணன்’.

வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பேரும் விஷயமும் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்ததும் அவர் ஒவ்வொருவராக உள்ளே அனுப்ப வேண்டும். ‘வந்த வரிசைப்படி அழைக்கப்படுவர்’ என்று ஒரு பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பி அதைப் பார்த்ததில்லை.

பத்து மணிவரை சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார். அதற்குள் பெஞ்சில் இருப்பவர்களின் காலை ஒரு நோட்டம் விடுவார். ஆமாம், காலைத்தான். வெடித்த குதிகால், வீங்கின பாதம், ஒரு முழம் புழுதி, அறுந்து தைத்த செருப்பு என்றால் அந்தச் சீட்டு மேலே போகும். பளபளக்கும் ஷூ, புதுச் செருப்பு என்றால் அடியில் போகும். வசதி உள்ளவர்கள் நாளைக்கும் வரலாம், இவர்களுக்கு ஒரு நாள் கூலி போனால் போனதுதான் என்பார். முகம் நடிக்கும், சட்டை இரவல் கிடைக்கும், காலுக்கு நடிக்கத் தெரியாது என்பது அவர் கட்சி.

அவர் கை நீட்டி ஒரு டீ வாங்கிக் குடித்தார் என்று எவனும் சொல்ல முடியாது. ஒரு ஒப்பந்தக்காரர் இனிப்புப் பெட்டி கொண்டுவந்து நீட்டினார். இவர் வாங்கிப் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரின் சீட்டை எல்லாவற்றுக்கும் அடியில் சொருகினார். அன்று நடை முழுக்க ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். முட்டி வலியோடு வந்த என் சித்தியை அவர் முதலில் அனுப்பியபோது எனக்கு வாயெல்லாம் பல். என் கொழுந்தனை ஷூ போட்டிருந்த பாவத்துக்காகச் சாயங்காலம்வரை உட்கார வைத்தபோது மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் நியாயத்தின் நீளம் அவ்வளவுதான்.

வீட்டில் அவர் பாடு வேறு. அவர் மனைவி தையல் வேலை செய்பவர், எனக்கு நல்ல பழக்கம். “ஆபீசுல ஊரையே நிறுத்தி வெக்கிறவருக்கு இங்க மின்விசிறியைக் கூட்டவும் குறைக்கவும்கூட என்னைக் கேக்கணும்” என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு அம்மாள் வந்த நாளை நான் மறக்கவில்லை. கொதிகலன் பிரிவில் வேலை பார்த்த கணவர் இறந்து போயிருந்தார். இறந்த தேதியிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் மனு கொடுத்து அதிகாரியின் கையெழுத்து வாங்கினால் வீடு குடும்பத்தின் பேருக்கு மாறும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். இறப்புச் சான்றிதழை வேறொரு அலுவலகத்தில் இழுத்தடித்ததால், அவர் எங்களிடம் வந்தது தொண்ணூறாவது நாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சீட்டில் ‘வீடு சம்பந்தமாக’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார், நான்காவது ஆளாக. கசங்காத உடை, காலில் பித்தளை வளையம் மின்னும் புதுச் செருப்பு. வாசல் அண்ணன் பார்த்தார். சீட்டு அடியில் போனது. பதினேழு சீட்டில் பதினேழாவது. நடுவில் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார், அதில் குறை வைக்க மாட்டார். அவசரமா என்று இவரும் கேட்கவில்லை, அவசரம் என்று அந்த அம்மாளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டரை மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து அதிகாரி கிளம்பிவிட்டார். நான்கு சீட்டு மிச்சம். இன்றைக்கே முடியாதா என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். நாளைக்கு முதல் ஆளாக விடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

வாக்குத் தவறவில்லை. மறுநாள் முதல் ஆள் அவர்தான். நான்கு நிமிஷத்தில் வெளியே வந்தார்.

“ஒரு நாள் தாண்டிப் போச்சாம் அண்ணே. ஒரு மாசத்துல காலி பண்ணணுமாம்.”

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று வாசல் அண்ணன் கேட்டார். “நீங்க கூப்பிடுவீங்கன்னு உக்காந்திருந்தேன்” என்றார் அந்த அம்மாள். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. இவர் பார்வை பழக்கத்தில் கீழே போனது. அன்று காலில் இருந்தது வார் அறுந்து கம்பியால் கட்டின செருப்பு. நேற்றுப் போட்டிருந்தது எங்கே என்று கேட்டார்.

“அது பக்கத்து வீட்டு அக்காவோடது. ஆபீசுக்கு வர்றோமே, மரியாதையா வரணும்னு இரவல் வாங்கிட்டு வந்தேன்.”

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். இதையும் சொல்லிவிட்டு, தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றிதான் இவரைத் தின்றுவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என் மேசைக்கு வந்தார். “நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?” என்றார். வாதத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் வேண்டித்தான் கேட்டார். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். அதே மூச்சில், செய்தது பெரிய தப்பு அண்ணே என்றும் சொன்னேன். இரண்டுமே எனக்கு உண்மையாகத்தான் பட்டன.

அதிகாரியிடம் போனார். அதிகாரி பொல்லாதவர் இல்லை. அலுவலகத்தின் பிழையால் தாமதம் என்று காட்டினால் கெடுவைத் தளர்த்த வழி உண்டு என்றார். அந்த அம்மாள் நான்காவதாக வந்தார், கவனக்குறைவால் அழைக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற எட்டு மாதம்தானே இருக்கிறது.

நான் ஐந்து நிமிஷத்தில் தட்டச்சு செய்து நீட்டினேன். வாசித்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கவனக்குறைவு இல்லம்மா. நான் கவனமாத்தான் பண்ணினேன். பார்த்து, யோசிச்சு, வேணும்னே கடைசியில வெச்சேன். அப்படியே அடிச்சிக் குடுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். வேண்டுமென்றே என்று எழுதினால் விசாரணை வரும், பதவி இறக்குவார்கள், ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். அந்த அம்மாளுக்கு இரண்டிலும் வீடு கிடைக்கும், பிறகு எதற்கு இந்த வீம்பு?

விஷயம் தெரிந்து எங்கள் ஊழியர் சங்கச் செயலாளர் ஓடி வந்தார். இப்படி எழுதிக் கொடுத்தால் பத்தொன்பது வருஷமாக நீ பின்னால் தள்ளின அத்தனை பேரும் கிளம்பி வருவார்கள், யோசித்துக்கொள் என்றார். பயமுறுத்தத்தான் சொன்னார். ஆனால் வாசல் அண்ணன் பயப்படவில்லை, திகைத்துப் போனார். அதுவரை அவர் முன்னால் அனுப்பியவர்களை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் பின்னால் போகிறார் என்ற சின்னக் கணக்கு அவருக்கு அன்றுதான் உறைத்தது. பின்னால் போனவர்களில் ஒரு முகமாவது ஞாபகம் வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை என்றார்.

அடுத்த மூன்று நாள் எங்கள் எல்லோர் உயிரையும் எடுத்தார். அப்படியானால் கால் வீங்கி வந்த கர்ப்பிணியை முதலில் விட்டதும் தப்பா? அவளைப் பதினைந்தாவதாக நிறுத்தியிருந்தால் அது நியாயமா? ஏழை என்று இரக்கப்பட்டது என் மனசா, இல்லை அந்த நாற்காலியின் திமிரா? என்னைக் கேட்டார், செயலாளரைக் கேட்டார், டீ கொண்டுவருகிறவரையும் கேட்டார். எல்லோரும் ஆளுக்கொரு பதில் சொன்னோம். நானே திங்கட்கிழமை ஒன்று சொன்னேன், செவ்வாய்க்கிழமை வேறொன்று சொன்னேன்.

அவர் மனைவி மட்டும் ஒரே போடாகப் போட்டார். “யாரை முன்னாடி விடணும்னு நீங்களே முடிவு பண்ணினீங்க. இப்ப தண்டனையையும் நீங்களே முடிவு பண்ணணுமா? தப்பை ஒத்துக்கிறதுலயும் உங்களுக்கு உசந்த எடம் வேணுமா?” இதை அவரே என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அவள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

நான்காம் நாள் இரண்டு விதமாகவும் அடித்து அவர் முன்னால் வைத்தேன். கையெழுத்து எதில் போடுகிறீர்களோ போட்டுத் தொலையுங்கள் என்றேன். வெகுநேரம் பார்த்தார். ‘வேண்டுமென்றே’ என்று இருந்த தாளில் போட்டார்.

“ஏன்னு கேக்காதீங்கம்மா. கவனக்குறைவுன்னா, அந்தம்மா அஞ்சரை மணி நேரம் உக்காந்திருந்ததை யாருமே பாக்கலைன்னு ஆயிடும். நான் பாத்துட்டேதான் இருந்தேன்.”

அந்த அம்மாளுக்கு வீடு கிடைத்தது. இவரைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்குத் தள்ளினார்கள், பதவியிலும் ஒரு படி இறக்கினார்கள். வாசலுக்குப் புது ஆள் வந்தான். எண் கிழித்துக் கொடுக்கும் சின்ன இயந்திரமும் வந்தது. எண்ணைக் கூப்பிடுவான், நிமிர்ந்து பார்க்க மாட்டான். யாருக்கும் அவன் மேல் புகார் இல்லை, யாருக்கும் அவனைப் பிடிக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து நான் கோப்பு எடுக்கப் போயிருந்தபோது, அந்த அம்மாள் கோப்பறைக்குத் தேடி வந்தார். வாசல் அண்ணன் எழுந்து நின்றார். அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். உங்கள் காலைப் பார்த்துத்தான் கடைசியில் வைத்தேன் என்றும் சொன்னார். அந்த அம்மாளுக்கு அதுவரை இது தெரியாது.

“எனக்குக் கோபம் வரணும்ல அண்ணே? வரமாட்டேங்குதே” என்றார். பிறகு தயங்கித் தயங்கி வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய நாத்தனாருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு கையெழுத்துக்காக வெளியே உட்கார்ந்திருக்கிறார். எண் முப்பத்தொன்று.

“புது ஆள் கல்லு மாதிரி இருக்கார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார். கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லுங்களேன்.”

வாசல் அண்ணன் என்னைப் பார்த்தார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான் அலமாரியில் கோப்பு தேடினேன். அவர் வெளியே நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். பெஞ்சில் அந்த நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் பக்கத்திலும் எதிரிலும் அவருக்கு முன்னால் எண் வாங்கின பதினேழு பேர் இன்னும் இருந்தார்கள். வாசல் அண்ணன் இந்தத் தடவை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். புது ஆளின் மேசைக்குப் போய் நின்றார். என்ன என்று அவன் தலை தூக்கியதும், மணி என்ன ஆகிறது என்று கேட்டார். பதினொன்று இருபது என்றான். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“கொஞ்சம் உக்காரச் சொல்லுங்கம்மா. கூப்பிடுவாங்க” என்றார் அந்த அம்மாளிடம்.

அப்போதுதான் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. வீடு பறிபோக இருந்த அன்று வராத கோபம், உண்மையைக் கேட்டபோதும் வராத கோபம். “உங்களை நல்ல மனுஷன்னு நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு நாத்தனாரிடம் போய்விட்டார். வாசல் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார், நான் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். புது ஆள் பதினான்காம் எண்ணைக் கூப்பிட்டான்.