பாதிச் சுற்றில் நின்ற கைப்பிடி

இது நடந்த கதை. நம்பாதவர்கள் திருகோணமலைக்குப் போய், துறைமுக மதிலுக்கு எதிரே இருக்கும் சித்தி பரீதா என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பார்க்கலாம். பேய் இரவில்தான் வரும் என்று சொல்பவர்கள் முதலில் போகட்டும். இது பட்டப்பகலில் நடந்தது!

பரீதாவுக்குப் பழைய கணக்கு மெஷின் என்றால் உயிர். கரண்ட் வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினால் கூட்டும், கழிக்கும். பழைய கந்தோர், ஆபீஸ் கட்டடம் இடிக்கிற இடமெல்லாம் அலைந்து வாங்கி, முன்னறை முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். உம்மா சீதனமாகக் கொடுத்த வீடு. கேட்பதற்கு யார்?

கேட்டது தம்பி கலீலுர் றஹ்மான். அவனுக்கு அந்த முன்னறையில் ஃபோன் கடை போட ஆசை. கெஞ்சிப் பார்த்தான், பலிக்கவில்லை. கடைசியில் பயங்காட்டத் தொடங்கினான்.

“ராத்தா, இதெல்லாம் செத்த ஆக்கள்ட சாமான். ஜின் குடியிருக்கும். ஒரு நாளைக்கு நீங்களே அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவீங்க.”

“ஓடினா அண்டைக்கே எல்லாத்தையும் இரும்புக் கடைக்குக் குடுத்துட்டு அறையை உனக்குத் தாறன். போதுமா?”

அக்காவின் வாய் முந்திவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவள்.

அடுத்த வாரமே பாலையூற்றில் ஒரு பழைய இரும்புக் கடையில் இன்னொரு மெஷின் அகப்பட்டது. கறுப்பு நிறம், நல்ல பாரம். ஒரே ஒரு குறை. இந்த வகை மெஷினில் கைப்பிடியை முழுச் சுற்றும் சுற்றித்தான் நிறுத்த வேண்டும். பாதியில் விட்டால் உள்ளே பூட்டிக்கொள்ளும். இது பாதியில் நின்றது. யாரோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபடியே எழும்பிப் போயிருக்கிறார்... திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கரண்டும் இல்லை. பரீதா மெஷினை ஜன்னலோர மேசையில் வைத்து, எண்ணெய் விட்டு, கைப்பிடியைப் பிடித்தாள்.

சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. அந்த மேசையில் வெயிலே விழவில்லை. யாரோ இவ்வளவு நேரமும் பிடித்திருந்துவிட்டு, இப்போதுதான் கையை எடுத்த சூடு...

டிங்.

மெஷினுக்குள் ஒரு சின்ன மணி உண்டு. கழித்துக்கொண்டே போய்ப் பூச்சியத்தைத் தாண்டினால் அடிக்கும். ஆனால் கைப்பிடி அசையவே இல்லையே!

“றஹ்மான்! உன்ட வேலையா இது?”

குசினியில், பாத்திரம் கழுவும் குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது.

பரீதாவுக்குப் பயம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, கைப்பிடியை முன்னால் தள்ளினாள். கொஞ்சம் நகர்ந்தது.

பிறகு... திருப்பித் தள்ளியது.

துரு இல்லை. துரு என்றால் இறுகி நிற்கும். இது தள்ளியது. நின்றது. மறுபடியும் தள்ளியது.

பக்கத்தில் யாரும் உட்காராமல் கிடந்த கதிரை கிறீச்சென்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் வாசலுக்குப் போகத் துடித்தன. ஓடினால் அத்தனை மெஷினும் இரும்புக் கடைக்கு...

“ஓட மாட்டன்! இது என்ட வீடு, என்ட சாமான். ஆரா இருந்தாலும் விடுடா கையை!”

டிங். டிங். டிங்.

தள்ளினாள்.

தோள் விண்ணென்று வலித்தது.

இன்னும் தள்ளினாள்...

சடக்!

கைப்பிடி முழுச் சுற்றும் சுற்றித் தன் இடத்தில் போய் விழுந்தது. வெளியே ஒரு ஓட்டோ போகும் சத்தம் கேட்டது. குசினியில் தண்ணீர் சொட்டியது.

“வா, இன்னும் வா!” என்று வெறும் அறையைப் பார்த்துக் கத்திவிட்டு, அவள் போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வந்திருக்கமாட்டேன்.

றஹ்மான் சில நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்தபோது படியில் ஏறாமல் வாசலிலேயே நின்றான். முகம் வெளிறிப்போய் இருந்தது.

“எனக்கு அறை வேணாம் ராத்தா. அண்டைக்கு ஜும்ஆக்குப் போகாம இஞ்சதான் வந்தனான். ஜன்னலைத் தட்டி உங்களைப் பயங்காட்ட...”

“ஜும்ஆவை விட்டுட்டா? வெக்கமில்லையா உனக்கு? அப்ப நீதான் அந்த மெஷின்ல ஏதும் செஞ்சியா?”

“அல்லாஹ்மேல ஆணை, நான் உள்ளுக்கே வரல்ல. ஜன்னலால பார்த்தனான். உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில ஒரு வயசான மனிசன். உங்கட கைக்கு மேல அவர்ட கை. அதான் ஓடிட்டன்.”

“ஓம், அவன்தான்! சுத்த விடாம என்னைத் திருப்பித் தள்ளினவன்!”

றஹ்மான் தலையை ஆட்டினான்.

“இல்ல ராத்தா. அவர் உங்களோட சேர்ந்து முன்னுக்குத் தள்ளினாரு. அழுது அழுது தள்ளினாரு...”

முன்னால் தள்ளியது இரண்டு பேர். அப்படியென்றால் எதிரே இருந்து தள்ளியது...?

பரீதா திரும்பி, ஜன்னலோர மேசையில் இருந்த கறுப்பு மெஷினைப் பார்த்தாள்.

“இண்டைக்கே அதைக் கொண்டுபோய் வித்துருங்க ராத்தா,” என்றான் அவன்.

“விக்க ஏலாது. ரெண்டு பேர் சேர்ந்தே உயிர் போற பாடு பட்டுத்தான் சுத்தினம். மற்றப் பக்கத்தால தள்ளினது திரும்பி வந்தா, நானும் இல்லாட்டி அந்த மனிசன் தனிய என்ன செய்வாரு?”